எண்ண முடியாத சொற்களோடு குற்றாலம் போனேன்

ஜூன் மாதம் நான் தென்காசிக்குப் போனது அருவி பார்க்க அல்ல, வேலை கேட்க. இருபத்திரண்டு வருடம் ஆங்கிலம் நடத்திய கல்லூரியில் துறையையே மூடிவிட்டார்கள். வழியனுப்பு விழாவில் முதல்வர், நான் தந்த ‘அட்வைஸஸ்’-க்கு நன்றி சொன்னார். வேலை போனதைக்கூட மன்னித்துவிடுவேன். அட்வைஸுக்குப் பன்மை போட்டவரை மன்னிப்பதாக இல்லை.

தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் செல்வின் என்பவர், வெளிநாடு போகும் நர்ஸுகளுக்கு ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறார். ஓர் இடம்தான் காலி. வந்திருப்பது இரண்டு பேர். இருவரும் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், மாணவிகள் யார் வேண்டும் என்கிறார்களோ அவருக்கு வேலை. தலைப்பு: எண்ணக்கூடிய, எண்ண முடியாத பெயர்ச்சொற்கள். இதைவிட எனக்குத் தோதான தலைப்பு கிடையாது.

மதுரையிலிருந்து ராஜபாளையம் வழியாக பஸ்ஸில் நாலு மணி நேரம். சுமார் 160 கிலோமீட்டர். கடையநல்லூர் தாண்டியதும் சாரல் ஆரம்பித்தது. நனைய விருப்பமில்லாதவர்களுக்கு ஜன்னல் ஓர இருக்கை வேண்டாம். தென்காசியிலிருந்து மேலகரத்துக்கு ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார்.

“குளிக்கவா அண்ணாச்சி?”

“வேலையாக.”

“இன்னைக்கா? நேத்துதான் தண்ணி விழ ஆரம்பிச்சிருக்கு. ஊர்ல எவன் வேலை பாக்கான்?” அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மையம் பூட்டியிருந்தது. செல்வினுக்கு போன் செய்தேன். “சீசனுக்கு முத தண்ணில்லா சார், பிள்ளையள் எல்லாம் இங்கன குத்தாலம் பேரருவிலதான் நிக்காவ. நீங்களும் வந்திருங்க, வகுப்பை இங்கனயே வச்சுக்கிடுவோம்” என்றார். தேதி குறித்துக் கொடுத்ததே அவர்தான். முதல் தண்ணீர் விழுந்தால் இந்த ஊரில் தேதி செல்லாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதே ஆட்டோ, இன்னும் நூறு.

அருவிக்குக் கீழே பஜ்ஜிக் கடையில், தலை சொட்டச் சொட்ட மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நடுங்கிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தவர் கடையம் ஊர்ப் பெண்ணான இசக்கி, எனக்குப் போட்டி. வயது இருபத்தைந்து இருக்கும். அவரும் குளித்திருந்தார். நான் தேய்த்த முழுக்கைச் சட்டையில், சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன்.

“ஏட்டி, அருவில எத்தனை தண்ணின்னா கேப்ப? எவ்வளவு தண்ணி. அதான் மச். எத்தனை பஜ்ஜி தின்ன? அதான் மெனி” என்றார் இசக்கி.

“எண்ணாதீங்க மிஸ், கண்ணு பட்டுரும்!”

கடையே சிரித்தது.

அடுத்து நான். தமிழை நம்பி இறங்கினால் தேர்வில் வழுக்கும் என்று தொடங்கினேன். ‘ரெண்டு லக்கேஜ்’ என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன் எல்லாம் இதே கணக்கு. நான் சொன்னதில் ஒரு பிழை கிடையாது. அருவிச் சத்தத்தில் “லக்கேஜ், லக்கேஜ்” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

துண்டு கட்டிய ஒருவர் ஓடி வந்தார். “அண்ணாச்சி, பை காணாமப் போச்சா? மைக்ல சொல்லச் சொல்லட்டா?”

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் இது வேறு சிரிப்பு.

செல்வின் என்னைத் தனியாக அழைத்துப் போனார். “நீங்க சொன்னதுதான் சரி சார். ஆனா பிள்ளையள் மிஸ்ஸே போதும்னு சொல்லுதாவ. கோச்சுக்கிடாதீங்க. வந்ததுக்கு ஒரு குளியலாவது போட்டுட்டுப் போங்க. துண்டு தாரேன், ஃபைல நான் பிடிச்சுக்கிடுதேன்.”

நான் கொடுக்கவில்லை.

இனி போகிறவர்களுக்கு. தென்காசியிலிருந்து பேரருவி ஐந்து கிலோமீட்டர், டவுன் பஸ் அடிக்கடி உண்டு; ஆட்டோவுக்குக் கொட்டிக் கொடுக்காதீர்கள். பெண்களுக்குத் தனி இடம் இருக்கிறது. முதல் தண்ணீர் விழும் நாட்களில் இந்தப் பக்கம் எந்தக் காரியத்தையும் வைத்துக்கொள்ள வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால், சட்டையைத் தேய்க்காமல் போங்கள், அவர்களோடு முதலில் நனைந்துவிடுங்கள்.

தண்ணீர் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரும் அதைத்தான் கேட்டார். தலை துவட்டிக்கொண்டிருந்த அவரிடம், நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, நனையாத ஃபைலை மடியில் வைத்துக்கொண்டேன்.