தமிழ் ஒலி நின்ற பதினோரு நிமிடம்

ரெஜினா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. காலை எட்டே கால். யாரோ யாருக்கோ அனுப்பியதை இன்னொருவர் தள்ளிவிட்டிருந்தார். பெயரில் எழுத்துப் பிழை வேறு. அவர் கடைசியாக எப்போது வாட்ஸ்அப்பைத் திறந்தார் என்று பார்த்தேன். அன்று காலை ஐந்து ஐம்பது. உடனே அவருடைய எண்ணுக்கே போன் போட்டேன். அவர் தம்பி அருள் எடுத்தார். "ஆமாப்பா, உண்மைதான். சர்ச்சுல காலைப் பூசைக்குக் கிளம்பிட்டு, செருப்பு மாட்டக் குனிஞ்சா. அவ்ளோதான்."

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் நம்பினேன். இதற்காக அவர் என்னைக் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

டப்பிங் அறை நண்பர்களே, உங்களுக்கு அவரைத் தெரியும், அவருடைய வேலை முழுசாகத் தெரிந்திருக்காது. வெளிநாட்டு ஆவணப்படச் சேனல் ஒன்றின் இந்திய ஒளிபரப்பு பெங்களூரில் எங்கள் நிலையத்திலிருந்து போகிறது. எந்த நிகழ்ச்சி எந்த நேரத்தில் என்று அட்டவணை போடுவது ரெஜினா மேடம். அதைக் கணினியில் ஏற்றி ஓட்டும் பொறியாளன் நான். அட்டவணை போடுவதில் பாதியைத் தானாக நடக்கும்படி செய்யத்தான் நான்கு வருடம் முன்பு என்னை எடுத்தார்கள். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"ஹெட் ஆபீஸ் ஆளா நீங்க?" என்பதுதான் முதல் நாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"இல்ல மேடம். இங்கதான் இன்டர்வியூ."

"அவங்களும் அப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க. உக்காருங்க."

அன்றிலிருந்து என்னை 'இன்ஜினியரே' என்றுதான் கூப்பிட்டார். மரியாதைக்காக அல்ல.

தலைமை அலுவலகம் இருக்கிற நாட்டில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்கள். அதைச் சரிசெய்ய நான் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தேன். ஒருமுறை அவர்களே நேரத்தை மாற்றி அனுப்பிவிட்டார்கள், சொல்லவில்லை. என் நிரல் மறுபடியும் ஒரு மணி நேரம் மாற்றியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மேடம் என் மேசைக்கு வந்தார். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார்.

"இன்ஜினியரே, ஞாயித்துக்கிழமை காலைல புள்ளைங்க இட்லி சாப்புடுற நேரத்துல முதலை வரிக்குதிரையைக் கிழிக்குது. இது உங்க வேலையா, அவங்க வேலையா?"

"அவங்க தப்பு மேடம்."

"இருக்கட்டும். பேரு யாருக்கு வரும்?"

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவனை விரல்விட்டு எண்ணி ஒருவர் பிடித்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

சேனல் எப்படிப் பிழைக்கிறது என்பதில் அவருக்கு மயக்கமே கிடையாது. கேன்டீனில் ஒருமுறை நான் ஏதோ ஒரு சிறுத்தைப் படத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்தேன். "நாம சிறுத்தையை விக்கல. நடுவுல வர்ற விளம்பர இடைவேளையைத்தான் விக்கிறோம்," என்றார். "சொந்தமா எடுத்த படம்னா அந்தச் சிறுத்தை பாவம், எத்தனை நாடு உண்டோ அத்தனையிலயும் ஓடணும், வருஷக்கணக்கா. வெளிய வாங்கின படம்னா ஒப்பந்தத்துல இத்தனை தடவைதான்னு இருக்கும். அதான் நல்ல படம் சீக்கிரம் காணாம போகுது." சந்தாவைப் பற்றி அவர் சொன்னது இன்னும் மோசம். "கேபிள்ல பத்துச் சேனலை ஒரே கட்டா கட்டித் தர்றாங்க. நம்ம சேனல் பக்கமே வராதவனும் நமக்குக் காசு குடுக்கிறான். அவன் முழிச்சுக்கிட்டா நம்ம கதை முடிஞ்சுது."

இப்படிப் பேசுகிறவர், ஒவ்வொரு நிகழ்ச்சியின் தமிழ் ஒலியையும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்பார். என் மென்பொருள் அதை அரை நிமிடத்தில் சோதித்துவிடும். அவருக்கு முழுதாக ஒரு மணி நேரம். எனக்குச் சந்தேகம் வந்தது. டப்பிங் ஸ்டுடியோவிலிருந்து ஏதாவது வருகிறதோ? நேராகவே கேட்டேன்.

"வருது," என்றார். "கிறிஸ்மஸுக்கு ஒரு கேக். பன்னீர் கொண்டுவருவார். பாதி உங்களுக்கு வேணுமா?"

பன்னீர் அண்ணனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீராம்புரத்துக்காரர். நம் சேனலில் தமிழில் விவரிக்கும் அந்தக் குரல் அவருடையது.

ஒன்றரை வருடம் முன்பு தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல் வந்தது. தமிழ் ஒலியை நிறுத்தலாமா என்று தொழில்நுட்ப அறிக்கை வேண்டும். ரெஜினாவிடம் பேச வேண்டாம். ஒரே படம், அதோடு ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று பல ஒலிகள் போகின்றன. வீட்டு செட்டாப் பாக்ஸில் வேண்டிய மொழியை வைத்துக்கொள்வார்கள். எத்தனை வீட்டில் சேனல் ஓடுகிறது என்று அளக்க முடியும். எந்த மொழியில் கேட்கிறார்கள் என்று எங்களுக்கு வரும் எந்த அளவிலும் இருக்காது. ஆக, தமிழுக்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். ஆதாரம் இல்லாததற்கு ஏன் செலவு? நிறுத்தினால் பன்னீர் அண்ணனையும் சேர்த்து ஒன்பது பேருக்கு வேலை போகும்.

நான் மேடத்திடம் சொல்லவில்லை. அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யானைகள் பற்றிய நிகழ்ச்சியில் தமிழ் ஒலி பதினோரு நிமிடம் நின்றுபோனது. படம் ஓடியது. இந்தி ஓடியது. தமிழில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. இங்கே பெங்களூர் நீலசந்திரா கேபிள்காரர் தொடங்கி வைத்தார். பிறகு சேலம், ஓசூர், திருநெல்வேலி. வாடிக்கையாளர் பிரிவு அழைப்புகளைக் குறித்த பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டது. திங்கட்கிழமை என் மேலாளர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

பழுது என் பக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு. எந்த மொழி ஒலியும் காலியாகப் போகக் கூடாது. தமிழ் இல்லையென்றால் கணினி தானாகவே ஆங்கிலத்தைப் போட்டுவிடும். அப்படிப் போடவில்லை என்றால், அங்கே தமிழ் என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்திருக்கிறது. தேடினேன். இருந்தது. பதினோரு நிமிடம், உள்ளே ஒன்றுமே இல்லாத கோப்பு. ஒரு விளம்பர இடைவேளை முடிந்ததும் தொடங்கி, அடுத்த இடைவேளைக்கு முன் முடிகிறது. ஒரு விளம்பரம்கூடக் கெடவில்லை. தற்செயலான பழுது இவ்வளவு ஒழுங்காக இருக்காது. இடைவேளைகளை இப்படி மனப்பாடமாக வைத்திருந்தவர் எங்கள் கட்டிடத்தில் ஒருவர்தான்.

கடிதத்தை அவர் மேசையில் போட்டேன்.

"நீங்கதானே?"

"நான்தான்."

"எதுக்கு மேடம்?"

"யாரும் கேக்கலன்னு சொல்றாங்க. கேக்கறாங்களான்னு பாத்தேன். ஒரு போனும் வரலன்னா நானே நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

"உங்க சோதனைக்கு என் வேலையா கெடச்சுது?"

"உங்க பேருக்கு வரும்னு தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன். தெரியாதுன்னு பொய் சொல்லணுமா?" கடிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். "போய் எழுதுங்க, ரெஜினா செஞ்சான்னு. ஆனா எத்தனை போன் வந்துதுன்னும் சேத்து எழுதுங்க இன்ஜினியரே."

தலைமை அலுவலகம் கேட்ட அறிக்கையில் நான் பாதியை மட்டும் எழுதினேன். அழைப்புப் பட்டியலை இணைத்தேன். காரணம் என்ற இடத்தில் 'கோப்புப் பழுது' என்று போட்டேன். தமிழ் ஒலி தப்பித்தது. என் சம்பள உயர்வு அந்த வருடம் தப்பவில்லை. மேடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. அடுத்த மாதம் புதிய அட்டவணையை எனக்கு முதலில் அனுப்பிவிட்டு, "சரியா இருக்கா பாருங்க, எனக்குச் சந்தேகமா இருக்கு," என்று எழுதியிருந்தார். நான் சேர்ந்ததிலிருந்து அவர் தன் வேலையை இன்னொருவரைச் சரிபார்க்கச் சொன்னது அதுதான் முதல் முறை.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். அவரை அடக்கம் செய்த அதே வாரம் தலைமை அலுவலகம் மறுபடியும் கேட்டிருக்கிறது. அன்று வந்த அழைப்புகள் ஒரு பழுதுக்கு வந்த புகார்கள்தான், ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார்கள். பழுது என்று எழுதிக் கொடுத்தவன் நான். அது பழுது இல்லை, திட்டமிட்ட சோதனை. ஒரே ஒரு மொழியை, அளந்த நேரத்துக்கு நிறுத்திப் பார்த்தோம், ஜனங்கள் உடனே கேட்டார்கள் என்று இருந்தால், அதைவிட நல்ல ஆதாரம் அவர்களிடம் எந்த மொழிக்கும் கிடையாது.

அருளிடம் போய், அக்கா பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "அவ செஞ்சதுன்னா அவ பேரையே போடு. வேற பேரைப் போட்டாதான் கோவப்படுவா," என்றார். பன்னீர் அண்ணனிடமும் சொன்னேன். "பதினோரு நிமிஷம் என் வாயை அடைச்சது அந்தம்மாவா? அன்னிக்கு டிவி ரிப்பேர்னு என் சம்சாரம் அதைத் தட்டுன தட்டுல சைடு பிளாஸ்டிக்கே விட்டுப்போச்சுப்பா," என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இன்று காலை பதில் அனுப்பிவிட்டேன். செய்தது ரெஜினா மேடம், தெரிந்தே மறைத்தது நான், இரண்டையும் எழுதினேன். அந்தக் காலிக் கோப்பை இணைத்தேன். என்ன முடிவு எடுப்பார்கள், என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. மற்றவர் வாயால் கேட்பதற்கு முன் நீங்கள் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.

அவர் வேலையைக் காப்பாற்றத்தான் அன்று மறைத்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ரெஜினா மேடம் இருந்தால் அதை நம்ப மாட்டார். நானும் நம்பவில்லை. அந்த நம்பாமை ஒன்றைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.