பத்மாசனி கட்டிய பூ

முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் பத்மாசனியோடு வாய் குடுத்து வென்றவர் ஒருவரும் இல்லை. தாய் தகப்பன் போனபிறகு மூன்று ஏக்கர் வயலைத் தானே செய்து, தம்பி பாலனைப் படிப்பித்தவள் அவள்.

அறுபத்தைந்தாம் ஆண்டு, சோவியத் ரஷ்யாவில் எஞ்சினியர் படிப்புக்குப் பாலனுக்கு இடம் கிடைத்தது. முதல் வருசம் ரஷ்ய மொழி படிக்க வேண்டும்; அதை மொஸ்கோவில் படிப்பதா, தாஷ்கெண்டில் படிப்பதா என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பாலன் ஒரு கிழமையாக முடிவெடுக்க ஏலாமல் முழித்தான்.

"வா, அம்மாளைக் கேப்பம்," என்று பத்மாசனி அவனை வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சிவப்புச் செவ்வரத்தம்பூ வந்தால் மொஸ்கோ, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் தாஷ்கெண்ட். பூக்களைத் தனித்தனியே வாழையிலையில் பொதிந்து கட்டியவளும் அவள்தான். அம்மன் முன்னால் வைத்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றைப் பாலன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். நந்தியாவட்டை.

திரும்பி வரும்போது, அவள் பிரிக்காமலே எடுத்து வந்த மற்றப் பொட்டலம் மடியிலிருந்து நழுவி பஸ்ஸுக்குள் விழுந்து அவிழ்ந்தது. அதற்குள்ளும் நந்தியாவட்டைதான்.

"அக்கா, அம்மாளிட்டையே கள்ள வேலை செய்தனியோ?"

பத்மாசனி பூவை எடுத்துத் தலையில் செருகினாள்.

"ஓம். மொஸ்கோவில மூண்டு நேரமும் மாவில சுடுற பாண்தானாம். தாஷ்கெண்டில சோறு ஆக்கிறவையாம். புடவை விக்க வாற அன்ஸார் சொன்னவர். நீ ஒருநாள் சோறில்லாமல் இருந்ததை நான் காணேல்லை."

"அம்மாள் கோவிக்க மாட்டாவோ?"

"ஏன் கோவிக்கிறா? வருசா வருசம் அவாவுக்குப் பொங்கித்தானே படைக்கிறம். பாணே குடுக்கிறம்?"