தொப்பிக்குள் வைத்த தாள்

அந்தத் தட்டைத் தொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. சாம்பல் நிறக் கம்பளித் துணி, முன்னால் சிறிய விளிம்பு, உள்ளே பழைய இங்கிலாந்துக் கம்பனியொன்றின் பொன்னெழுத்து முத்திரை. 2010இல் சிட்னி நகரத்துத் தொப்பிக் கடையொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் அதை வாங்கித் தந்தவர், அங்கே மூத்த விற்பனையாளராக இருந்த மன்னார் அங்கிள். தொப்பி சற்றுப் பெரிது. அப்படியானால், உள்ளே தலையைச் சுற்றித் தைத்திருக்கும் பட்டிக்குள் ஒரு தாளை மடித்து வைப்பது கடை வழக்கம். அங்கிள் கேட்காமலே என் நாட்குறிப்புக் கொப்பியின் முதல் தாளைக் கிழித்தார்.

"ஐயோ அங்கிள், அதில எழுதியிருக்கு!"

"உன்ர சரித்திரம் இனி உன்ர தலையிலயே இருக்கட்டும், தம்பி," என்று சிரித்தார். ஒரு நாளும் தவறாமல் எழுதுகிறவன் நான், எனக்குக் கோபம்.

அந்தக் கம்பனியின் சாதாரணத் தொப்பிகள் அப்போது இங்கிலாந்தில் தைக்கப்படவில்லை. எங்கே தைத்தது என்று யாராவது கேட்டால் அங்கிள் பட்டியைப் புரட்டி, தைத்த நாட்டின் பெயர் போட்ட சிறு துணித்துண்டைக் காட்டுவார். அந்த ஆண்டின் கடைசியில் அதைப் பார்த்த ஒருவர் தொப்பியை வாங்காமல் போய் முறைப்பாடு எழுதினார். மனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, அங்கிள் இப்படிக் காட்டி எத்தனை தடவை விற்பனை போனது என்று என்னைக் கேட்டார். கொப்பியைத் திறந்து மூன்று திகதிகளை வாசித்தேன். பிசகில்லாமல் வாசித்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

நீங்கள்தானே காட்டச் சொன்னீர்கள் என்று அங்கிள் மனேஜரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். மனேஜர் மறுத்தார். அங்கிள் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீயும் நிண்டனீதானே. சொல்லு."

மங்கலாக நினைவிருந்தது. ஆனால் என் விசா அந்தக் கடையின் கையில் இருந்தது.

"கொப்பியில இல்லை, அங்கிள். எழுதாததை எப்பிடிச் சொல்லுறது?"

அந்த வாரத்தோடு அவரை நிறுத்தினார்கள். பிறகு ஒருமுறை வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் கண்டேன். வெறுந்தலையோடு நின்றார். "என்ன தம்பி, இண்டைக்கு என்னைக் கண்டதையும் எழுதுவியோ?" என்றார். ரயில் வந்தது. "போட்டு வாறன்" என்றுகூடச் சொல்லாமல் ஏறிப் போனார்.

2013இல், நிரந்தர வதிவிடம் கிடைத்த வாரம், தொப்பியைத் துப்புரவாக்கப் பட்டியைப் புரட்டினேன். தாள் வியர்வையில் மஞ்சளித்திருந்தது. என் கையெழுத்துத்தான்: 'வேலையில் முதல் நாள். யாராவது கேட்டால் உள்ளே இருக்கும் துணித்துண்டைக் காட்டுங்கள், மறைக்க வேண்டாம் என்று மனேஜர் சொன்னார். அங்கிளும் பக்கத்தில் நின்றார்.'

திரும்பவும் மடித்து அதே இடத்தில் வைத்தேன். அந்தத் தாள் இல்லாவிட்டால் தொப்பி என் தலையில் நிற்காது.