ஆறு நிமிட நடை

என் மகளுக்கு ஒன்பது வயதில்தான் நோயின் பெயர் தெரிந்தது. மரபணுக் கோளாறு, உடம்பில் ஒரு நொதி சுரக்காததால் தசைகள் மெல்ல மெல்லப் பலமிழக்கும். "இலங்கையிலேயே விரல்விட்டு எண்ணலாம்" என்றார் கொழும்பு டாக்டர். எந்தப் போட்டியிலும் இடம் பிடிக்காத எங்கள் குடும்பத்துக்கு அதுவே ஒரு சாதனைதான்.

மருந்து உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும். விலையைக் கேட்ட என் கணவர், "இது வருசத்துக்கா, ஆயுசுக்கா டொக்டர்?" என்றார். ஒரு தடவைக்கு.

எங்கள் ஊர் கல்முனையில் விசயம் பரவியதும் எல்லோரும் பொருளாதார நிபுணர்களாகிவிட்டார்கள். என் கணவரின் அண்ணன், அவர் காக்கா என்று கூப்பிடுபவர், பக்கத்து ஊர் சாய்ந்தமருதிலிருந்து வந்து, தேத்தண்ணியை உறிஞ்சியபடி சொன்னார்:

"கோவிக்காத புள்ள. இந்தக் காசிக்கு எத்தின கிட்னிக்காரரக் காப்பாத்தலாம்?"

"நானும் யோசிச்சன் மச்சான். நீங்க எத்தின பேரக் காப்பாத்தியிருக்கீங்க?"

அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று எழும்பிவிட்டார். அவர் சொன்னது பிழையான கணக்கில்லை. அடுத்தவள் பிள்ளையென்றால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன்.

கடைசியில் மருந்துக் கம்பெனியே ஒரு வருடம் இலவசமாகத் தர இரங்கியது. ஒரேயொரு நிபந்தனை: பலனை நிரூபிக்க வேண்டும். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்பதுதான் பலனாம்.

வருட முடிவில் ஆஸ்பத்திரி நடைவழியில் நாடா விரித்து நடக்கவிட்டார்கள். பாதித் தூரத்தில் ஒரு வயோதிபரின் மாத்திரைகள் சிதறின. மகள் குந்தியிருந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு நடந்தாள். கடிகாரம் யாருக்காகவும் நிற்கவில்லை. போன வருடத்தைவிடப் பன்னிரண்டு மீட்டர்தான் கூட.

"முன்னேற்றம் போதாது" என்றார் கம்பெனியின் பிரதிநிதி, மிகுந்த கவலையோடு.

"போன வருசம் இவள் குந்தினா ரெண்டு பேர் தூக்கணும்" என்றேன். "இண்டைக்குத் தானா எழும்பினாள். அத எந்தக் கட்டத்தில எழுதுவீங்க?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. டாக்டர் பேனையை எடுத்து ஓரத்தில் கையால் எழுதி ஒப்பமிட்டார். இன்னும் ஆறு மாதத்துக்கு மருந்து கிடைத்தது. பிறகு மறுபடி நடக்க வேண்டும்.

பஸ்ஸுக்காக நிற்கும்போது மகளிடம் சொன்னேன்: "அடுத்த முற ஆரு எதப் போட்டாலும் நிண்டிராத. நேரா நட."

"அப்ப ஆரு உம்மா பொறுக்கிக் குடுக்கிற?"

நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.