சோப்பு போட்டுக் குளித்த சம்பந்தி

இல்லை, குதிரைக் குட்டி பிறந்ததும் ஓடாது. எழுந்து நிற்பதற்குள் நாலு தடவை குப்புற விழும். நின்றதும் மடியைத் தேடும். தாய் மனசு வைத்தால்தான் பால். எனக்கென்ன தெரியும், எல்லாம் என் சம்பந்தி சொன்னது.

சம்பந்தி என்றால் என் மருமகனின் அப்பா. ஊருக்கு வெளியே குதிரைப் பண்ணையில் சினைக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மனைவி போன பிறகு லாயத்தை ஒட்டிய அறையிலேயே தங்கிவிட்டார். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஆணியில் ஒரு பழைய காக்கி கோட்டு, அவ்வளவுதான் குடித்தனம். கல்யாணம் பேச வந்தபோது மற்றவர்கள் என் மகளிடம் படிப்பைக் கேட்டார்கள், வேலையைக் கேட்டார்கள். இவர் கேட்டது ஒன்றே ஒன்று: "குதிரைன்னா பயமாம்மா?"

குட்டி போடும் மாதங்களில் அவர் சோப்பைத் தொடமாட்டார். வெறும் தண்ணீர்க் குளியல், அதே காக்கி கோட்டு. குதிரைக்கு ஆள் அடையாளம் மூக்கில்தானாம்.

முந்தாநாள் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். அடடா, என்ன மூக்கு, என்ன முழி! பாதம் என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். சம்பந்தி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து கையை நீட்டினார். என் மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. லாயமே உள்ள வந்த மாதிரி இருக்கு. குளிச்சிட்டு வந்து தூக்குங்க."

மனுஷர் சிரித்துக்கொண்டேதான் கையை இழுத்துக்கொண்டார். முகம் மட்டும் சுருங்கிப்போச்சு.

இன்று காலை அவரைக் கூட்டிப்போக வண்டியை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். லாயத்துக்குள் வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கழுத்து வரைக்கும் பவுடர் என்று நின்றிருந்தார். முட்டி வரை ஈரம். கிளம்புகிற நேரத்தில் ராங்கிக்கு வலி வந்துவிட்டதாம். ராங்கி ஒரு செம்மண் நிறக் குதிரை, இதுதான் தலை ஈத்து. குட்டி நல்லபடியாகப் பிறந்து, இவரே துடைத்தும் விட்டிருந்தார். ஆனால் குட்டி மடிப்பக்கம் போனால் ராங்கி மோந்து பார்த்துவிட்டுக் காதை மடக்கியது, காலைத் தூக்கியது.

"என்ன சம்பந்தி, மாப்பிள்ளைக் கோலம்?"

"கிண்டல் பண்ணாதீங்க. மேலெல்லாம் சோப்பு வாசனை. அதே கையால குட்டியைத் தேச்சுத் தொலைச்சுட்டேன். தன் பிள்ளைன்னு இவளுக்குத் தெரியலை. சீக்கிரம் சீம்பால் உள்ள போகலைன்னா குட்டி தங்காது."

குட்டி மறுபடி போனது. உதைக்குத் தப்பி வைக்கோலில் சரிந்தது.

சம்பந்தி சட்டையைக் கழற்றி என் மேல் எறிந்தார். வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டார். ராங்கி நின்ற இடத்து நனைந்த வைக்கோலை அள்ளி மார், கை, கழுத்தெல்லாம் தேய்த்தார். காக்கி கோட்டை மாட்டினார். பிறகு, கீழே கிடந்த நஞ்சுக்கொடியை எடுத்துக் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் பூசினார். நான் அவர் சட்டையாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"மூஞ்சியைச் சுளிக்காதீங்க சம்பந்தி. நீங்களும் இப்படித்தான் வந்தீங்க."

ராங்கியின் கழுத்தை அணைத்துக்கொண்டு, "வாங்கம்மா, உங்க பிள்ளைதான். நான்தான் வேஷம் போட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று பேசிக்கொண்டே நின்றார். குதிரை கோட்டை மோந்தது. குட்டியை மோந்தது, ரொம்ப நேரம். அப்புறம் அதன் முதுகில் ஒரு நக்கு நக்கியது. குட்டி தள்ளாடிப் போய் மடியைப் பிடித்தது. சப்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

வர நேரமாகும் என்று மகளுக்கு போன் போட்டேன்.

"மாமா குளிச்சாரா?"

"குளிச்சார்மா. அதான் வம்பே."

சம்பந்தி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். குட்டியின் வால் ஆடுவதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "சோப்பு போட்டா இவ பிள்ளையைச் சேர்க்க மாட்டேங்கறா. போடலைன்னா உங்க மக பிள்ளையைக் குடுக்க மாட்டேங்கறா. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. நான் யாருக்குன்னு குளிக்கிறது, நீங்களே சொல்லுங்க சம்பந்தி."