40718-ஆம் எண்ணுக்கு உரியவர்

அந்த ஊரை விட்டுப் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பஸ் நிலையம். இன்னொன்று, பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்த அப்ளிகேஷன் அக்கா. பஸ் ஏறுகிறவர்கள் முதலில் அக்காவிடம் வந்து விண்ணப்பம் போட்டாக வேண்டும் என்பதால், சரியாகச் சொன்னால் வழி ஒன்றுதான்.

அக்கா என்று ஊரே கூப்பிட்டாலும் அவளுக்கு வயது இருபத்திரண்டு. தலை நரைத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். காரியம் ஆக வேண்டியவர்களுக்கு வயது ஒரு பொருட்டில்லை. கடையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரில் ஒன்று வேலை செய்யும். மற்றது, கடை பெரிதாகத் தெரிவதற்காக. மூலையில் ஒரு நீலத் திரை, அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல். "காது தெரியணும், சிரிக்காதீங்க, மூச்சு விடலாம்" என்று அவள் சொல்ல, ஊர் இளவட்டங்கள் ஒவ்வொருவராக அந்த ஸ்டூலில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, ஆறே மாதத்தில் ஊரில் இல்லாமல் போனார்கள்.

இரண்டு வருஷத்தில் அப்படி அறுபத்து மூன்று பேரை அனுப்பி வைத்திருந்தாள். அதில் ஒருவன், 'தகப்பனார் பெயர்' என்ற கட்டத்தில் 'உண்டு' என்று எழுதிக்கொண்டு வந்தவன். அவன் இப்போது இருபது மாடிக் கட்டடத்துக்கு முன்னால் கூலிங் கிளாஸோடு நின்று போட்டோ அனுப்புகிறான். இன்னொருத்தி, பிறந்த தேதி என்ன என்று கேட்டதற்கு "செவ்வாய்க்கிழமை" என்றவள். அவளும் போய்விட்டாள். அக்காவோ எழுபத்தெட்டு சதவீதம் வாங்கிய பட்டதாரி. அப்பா பக்கமும் அம்மா பக்கமும் எத்தனை தலைமுறை தேடினாலும் அவளுக்கு முன்னால் பட்டம் வாங்கிய ஆள் கிடையாது. அவள் அங்கேயே இருந்தாள். கண்ணை மூடினால் பஸ்ஸின் ஜன்னலோர சீட்டு தெரிந்தது. திறந்தால் பஸ் நிலையமே தெரிந்தது.

"அப்படி என்னதான் இருக்குன்னு போகணும்னு துடிக்கிற?" என்று அம்மா கேட்பாள்.

"'உண்டு'ன்னு எழுதினவனே போயிட்டாம்மா."

"அவன் போனா போறான், உனக்கென்ன வந்துச்சு?"

இதைவிட விளக்கமாகச் சொல்ல அவளுக்கும் தெரியவில்லை.

பதிமூன்று வேலைகளுக்கு விண்ணப்பித்திருந்தாள். பதிமூன்றிலும் பதில் இல்லை. பதினாலாவது, நில அளவைத் துறையில் எழுத்தர் வேலை. பரீட்சை கிடையாது, மார்க்கை வைத்து நேராகக் கூப்பிடுவார்கள். இதற்கு நடுவில் கடை முதலாளி ஒரு யோசனையோடு வந்தார். மார்க்கெட் தெருவில் இரண்டாவது கடை திறக்கப் போகிறார், அதை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"உனக்குன்னு சுத்துற நாற்காலி வாங்கறேம்மா. சாய்ஞ்சா சாயும்."

"ஒரு வாரம் டைம் குடுங்க சார். இந்தப் பதினாலாவது வரலேன்னா, சனிக்கிழமை சரின்னு சொல்லிடறேன்."

சரி என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை. சாய்ந்தால் சாயும் நாற்காலியிலிருந்து எழுந்து போனவர்களும் அந்த ஊரில் இல்லை.

இங்கே அந்தக் கடையின் போனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊர்க்காரர்கள் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவர்கள். வெல்டர் ஒருவருக்கு வந்த வேலை, பழைய நம்பருக்கு மெசேஜாகப் போய் அப்படியே செத்துப்போனது. அவர் கடை வாசலில் ஒரு நாள் முழுக்க நின்று, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஜெராக்ஸ் மெஷினைத் திட்டினார். அன்றிலிருந்து முதலாளி ஒரு பட்டன் போன் வாங்கி, ஊரில் யார் விண்ணப்பம் போட்டாலும் அதில் அந்த நம்பரையே கொடுக்கச் சொல்லிவிட்டார். போன் தொலைந்தால் ஊரே தொலைந்தது என்பதால் அதை மேஜைக் காலோடு கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். வருகிற மெசேஜில் பெயர் இருக்காது, பதிவு எண் மட்டும் இருக்கும். அக்கா நோட்டைப் புரட்டி எண்ணுக்குரிய ஆளைக் கண்டுபிடித்துச் சொல்லி அனுப்புவாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மெசேஜ் வந்தது. நில அளவைத் துறை எழுத்தர் பணி, பதிவு எண் 40718, சான்றிதழ் சரிபார்ப்பும் பணியிட ஒதுக்கீடும் வரும் திங்கள் காலை பத்து மணி, தலைநகரில், அசல் சான்றிதழ்களோடு.

நோட்டில் அந்த எண் இல்லை.

காரணம் அவளுக்கே ஞாபகம் வந்தது. அந்த வேலைக்குக் கடைசி நாள் மதியம் இணையதளம் திணறிக்கொண்டிருந்தது, பிரிண்டர் காகிதத்தை மென்றுகொண்டிருந்தது. வரிசையில் பதினொரு பேர். ஒருவருக்கும் ரசீது கொடுக்க முடியவில்லை, எண்ணை நோட்டில் ஏற்றவும் நேரமில்லை. ஆறாவது ஆளுக்கும் ஏழாவது ஆளுக்கும் நடுவில் தன்னுடையதையும் நுழைத்து அனுப்பினாள். தன்னுடையதில் தன் சொந்தக் கைபேசி நம்பரைத்தான் போட்டோம் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

ஆக, பதினொரு பேரில் ஒருவர். தளத்தில் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் ஆள் யாரென்று காட்டிவிடும். ஆனால் 'பராமரிப்புப் பணி நடைபெறுவதால் ஞாயிறு வரை பொறுத்திருக்கவும்' என்று தளம் சொன்னது. அவள் கடைக் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். '40718-ஆம் எண்ணுக்கு உரியவர் உடனே அணுகவும்.'

மத்தியானத்துக்குள் பதினொரு பேரும் அணுகிவிட்டார்கள். பதினொரு பேருக்கும் அது தன்னுடைய நம்பர்தான் என்று நன்றாக ஞாபகம் இருந்தது.

"கடைசியில எட்டு வரும்னு அன்னிக்கே மனசுல பட்டுச்சுக்கா" என்றான் ஒருவன்.

"எப்படிக்கா நம்பாம இருக்கறது? என் பைக் நம்பரும் நாலுலதான் ஆரம்பிக்குது" என்றான் இன்னொருவன்.

புதன்கிழமை, விண்ணப்பமே போடாத ஒரு அம்மா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "யாரும் வரலேன்னா வீணாப் போகாம என் பையனுக்கே போட்டுக் குடுத்துடும்மா."

"டிகிரி முடிச்சிருக்கணும்மா."

"எட்டு வரைக்கும் நல்லாப் படிச்சான்."

வியாழக்கிழமைக்குள் பதினொரு வீடுகளிலும் பயணப் பை வாங்கியாகிவிட்டது. அக்காவுக்கு வயிற்றெரிச்சல். மற்ற ஊர்களில் அந்த வேலைக்கு மெசேஜ் வந்துகொண்டிருக்கிறது என்று கேள்வி. அவளுடைய கைபேசிக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. கைபேசி கெட்டுப்போயிருக்குமோ என்று கடைப் போனிலிருந்து அதற்கு அடித்துப் பார்த்தாள். நன்றாக மணி அடித்தது. எடுத்து "ஹலோ" என்றும் சொல்லிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்த முகம் தெரியாத 40718-ஐப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். "கிடைச்ச வேலையோட நம்பரைக்கூட ஞாபகம் வெச்சுக்கத் தெரியாத ஜென்மம். இதுங்களுக்கெல்லாம் கூப்பிடறாங்க."

மரம் அறுக்கும் மில்லிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா, "வேலை அதிகமா இருந்திருக்கும் பாவம்" என்றார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. அக்கறை இல்லாததுக்கு இது ஒரு சாக்கு."

சனிக்கிழமை கடை மூடும் முன், முதலாளி மேஜைக்கு எதிரே வந்து நின்றார். ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"சரி சார்" என்றாள் அவள். "நாற்காலி கறுப்பு வேணாம். அழுக்கு தெரியாது, தெரியலேன்னா தொடைக்க மாட்டோம்."

அவர் தலையாட்டினார். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், பல்வலி வந்தவர் மாதிரி போனார்.

ஞாயிறு பதினொரு மணிக்குத் தளம் திறந்தது. கடைக்குள் பதினொரு பேர், அவர்களோடு வந்தவர்கள், அவர்கள் பைகள். அக்கா ஒவ்வொரு பிறந்த தேதியாகப் போட்டாள். 'விவரங்கள் பொருந்தவில்லை.' ஒவ்வொரு தடவையும் கூட்டத்தில் ஒரு குடும்பம் பெருமூச்சு விட்டு வெளியேற, கடையில் கொஞ்சம் காற்று வந்தது. பைக் நம்பர்க்காரன் மட்டும், "என் அம்மாவுக்குத் தேதி சரியாத் தெரியாது, முன்னப்பின்ன ரெண்டு நாள் போட்டுப் பாருங்கக்கா" என்றான். போட்டுப் பார்த்தாள். அதுவும் இல்லை. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவன்போல வீட்டுக்கு நடந்தான்.

கடையில் அவளும் முதலாளியும் மிச்சம்.

"உன் பிறந்த தேதியைப் போடு" என்றார் அவர்.

"என்னுதுல என் நம்பர் இருக்கு சார்."

"பதினொண்ணு இல்லேன்னு ஆயிடுச்சு. பன்னெண்டாவதும் இல்லேன்னு ஆகட்டுமே."

போட்டாள். சக்கரம் சுற்றியது. விரிந்த போட்டோவில், நீலத் திரைக்கு முன்னால், காது தெரிய, சிரிக்காமல், அவளே உட்கார்ந்திருந்தாள். கீழே கைபேசி எண் என்ற கட்டத்தில் கடைப் போனின் நம்பர். இரண்டு வருஷமாக நாள் முழுக்க அதையே அடித்துப் பழகிய விரல், அவளுக்கும் அதையே அடித்திருந்தது.

அவள் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஜென்மம்" என்று மட்டும் சொன்னாள்.

"அது உன்னுதாத்தான் இருக்கும்னு வெள்ளிக்கிழமையே எனக்குத் தோணுச்சு" என்றார் முதலாளி, லேமினேஷன் மெஷினைப் பார்த்தபடி.

"அப்பவே ஏன் சார் சொல்லல?"

"புதுக் கடை போர்டுக்கு ஆர்டர் குடுத்திருந்தேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"ரெண்டு நாளா சோறு இறங்கல. அதான் இன்னிக்குச் சொல்லிட்டேன்" என்றார். "நீ சரின்னு சொன்னது எனக்குக் காதுல விழல. அஞ்சு மணி பஸ்ஸுக்குச் சீட்டு எடுக்கச் சொல்லவா?"

அவள் வீட்டுக்கு ஓடினாள். மார்க் பட்டியல், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு பையில் இருந்தன. பட்டம் மட்டும் சுவரில் இருந்தது. பட்டம் கையில் கிடைத்த மறு வாரமே அப்பா மில்லில் நல்ல மரமாகப் பொறுக்கி, இழைத்து, சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து மாட்டியிருந்தார். பட்டம் உள்ளே நழுவக்கூடாது என்று பின்னால் மெல்லிய பலகை வைத்து, மரப் பசை தடவி, ஒரேயடியாக ஒட்டியும் இருந்தார். அவர் ஒட்டினால் ஒட்டினதுதான். மில்லில் அதற்காகவே அவரைக் கூப்பிடுவார்கள்.

"இது கழட்டற மாதிரி செய்யலியேம்மா" என்றார் அப்பா. "யார் கழட்டப் போறாங்கன்னு நினைச்சேன்."

"ஒட்டறதுக்கு முன்னால ஒரு வார்த்தை யாரையாவது கேட்டீங்களா?" என்றாள் அம்மா.

"நீதானே டப்பாவைப் பிடிச்சிட்டு நின்ன."

அப்பா சட்டத்தை இறக்கி, தரையில் துணி விரித்து, குப்புறப் போட்டார். சின்ன ரம்பத்தை எடுத்தார். நாலு மூலையையும் அறுத்தார். கண்ணாடியைத் தனியே எடுத்து வைத்தார். பிறகு உளியைச் சாய்த்துப் பிடித்து, பலகையை இழை இழையாகச் சீவத் தொடங்கினார். அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு விளக்கு பிடித்தாள், பட்டப்பகலில். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு ஓரம் மட்டும் விடவில்லை. இன்னும் சீவினால் காகிதமும் சேர்ந்து வந்துவிடும் என்று அப்பா உளியைக் கீழே வைத்தார். பட்டத்தின் வலது ஓரத்தில் விரல் அகலத்துக்குப் பலகை அப்படியே ஒட்டியிருந்தது.

"போதும்ப்பா."

"இருக்கட்டும், இன்னொரு தடவை..."

"போதும். பஸ் போயிடும்."

துண்டு துண்டாகக் கிடந்த சட்டத்தை அப்பா பெருக்கி ஒதுக்கினார். மாட்டியிருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார், வெள்ளையடிக்க வேண்டும் என்பதுபோல.

திங்கள் காலை பத்து மணிக்கு, நீளமான ஒரு கூடத்தில் முந்நூறு பேருக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பட்டத்தைக் கையில் எடுத்தார். எடுத்த கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"என்னம்மா இது, ஒரு ஓரம் கனமா இருக்கு?"

"பலகை சார்."

"எதுக்குப் பலகை?"

"சுவத்துல இருந்துச்சு சார். எங்க குடும்பத்துல நான்தான் முதல் டிகிரி."

அதிகாரி திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஓரத்திலிருந்து மரத்தூள் கொஞ்சம் மேஜையில் விழுந்தது. "நல்ல வேலைக்காரர்" என்றார். "எங்கப்பா என்னுதுல ஆணிதான் அடிச்சார். நடுவுல." முத்திரையை எடுத்துக் குத்தினார்.

அதோடு அவருக்கு மனசு இளகிவிட்டது போலிருக்கிறது. காலி இடங்களின் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை ஓட்டினார். "இங்க பாரும்மா, உனக்கு அதிர்ஷ்டம். உங்க ஊர்லயே ஒரு இடம் காலியா இருக்கு. பஸ் நிலையத்துக்குப் பின்னாலயே ஆபீஸ். வீட்டுச் சாப்பாடு. போட்டுடவா?"

"வேணாம் சார்!"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"சரி, கத்தாதே. பக்கத்து ஊர்?"

"வேணாம் சார்."

"எவ்வளவு தூரத்துலதான் வேணும்கறே?"

அவள் மேஜைமேல் குனிந்தாள். பட்டியல் எத்தனை பக்கம் என்று பார்த்தாள்.

"எவ்வளவு தூரம் வரைக்கும் சார் இருக்கு?"

அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டு, விரலை எச்சில்படுத்தி, கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.