மூன்றாம் மாடிக்குத் தரைத்தளம்

பத்திரம் எழுதுகிற தொழிலில் கண் வலியும் முதுகு வலியும் நிச்சயம். பரிவர்த்தனைப் பத்திரம் எழுதினால் தலைவலியும் சேர்ந்துகொள்ளும். பதிவு ஆபீஸில் ஒரு நாளாவது டோக்கனோடு தவம் கிடந்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

வாங்குகிறவர் யார்?

மந்தைவெளியில் லிஃப்ட் இல்லாத பழைய ஃப்ளாட். மூன்றாம் மாடியில் ஜெயா மாமி. அவர் கணவர் இடுப்பு எலும்பு முறிந்து, எட்டு மாதமாகப் படி இறங்கவில்லை. தரைத்தளத்தில், தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் இஸ்மாயில் பாயின் வீடு. மழை வந்தால் அவர் கூடத்தில் முழங்கால் தண்ணீர். இரண்டு வீட்டுக்கும் ஒரே சதுர அடி. பைசா கைமாறாமல் வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வதாகப் பேசிமுடித்துவிட்டு என்னிடம் வந்தார்கள்.

கிரயப் பத்திரம் என்றால் தூக்கத்தில்கூட எழுதுவேன். வாங்குகிறவர் கூலி கொடுப்பார், ஒரிஜினலை எடுத்துக்கொண்டு போவார், கதை முடிந்தது. இங்கே இருவரும் கொடுக்கிறார்கள், இருவரும் வாங்குகிறார்கள். யாரை முதலில் எழுதுவது, ஒரிஜினல் யாருக்கு என்று கேட்டுக் கேட்டு நானே குழம்பினேன். மாமி பொறுமை இழந்தார்: "நாங்க யாரும் எதையும் விக்கலையே, அப்புறம் எதுக்கு இத்தனை கேள்வி?"

சந்தேகம்

மறுநாள் காலை மாமி போன் செய்தார். கீழ் வீட்டை பாய் இவ்வளவு சுலபமாகத் தருகிறாரே, சுவரில் விரிசல் ஏதாவது இருக்குமோ என்று கேட்டார். அப்படியெல்லாம் இருக்காது என்று சமாதானம் சொன்னேன்.

போனை வைத்தால் எதிரே பாய் நிற்கிறார். உட்காரக்கூட இல்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இன்னா சார், மாமி இவ்ளோ அவசரப்படுறாங்களே, மேல எங்கனா ஒழுகுதா?"

அ, ஆ

பதிவு நாளன்று பாயின் கடை ஆட்கள் இரண்டு பேர் மாமாவை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இனி மேலே போகவே வேண்டாம் என்பதுதான் அவருக்கு ஒரே தெம்பு.

ஆபீஸில் பதிவாளர் இரண்டு பக்கம் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மாமி கொடுப்பது 'அ' சொத்து, பாய் கொடுப்பது 'ஆ' சொத்து என்று எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் 'அ'வுக்கு நேரே தரைத்தளத்தை எழுதியிருக்கிறேன்! மூன்று தடவை சரிபார்த்தவன் நான். பதிவாளர் பத்திரத்தைத் திருப்பித் தள்ளினார்: "இவங்க வீட்டை அவரு குடுக்கறாரு, அவரு வீட்டை இவங்க குடுக்கறாங்க. திருத்தி எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க."

படிக்கட்டு

திரும்பி வந்தோம். மாமா படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். இன்று ஏற்றினால் நாளை மறுபடி இறக்க வேண்டும். இன்னொரு தடவை குலுங்கினால் எலும்பு விலகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

பாய் தன் வீட்டுக் கதவைத் திறந்து, ஜன்னலோரம் கட்டிலை இழுத்துப் போட்டு, மாமாவைப் படுக்க வைத்தார். தொழில் புத்தி யாரை விட்டது? பாயை ஓரமாக அழைத்து, பத்திரம் பதிவாகாமல் சுவாதீனம் கொடுத்து வீட்டில் ஆளை ஏற்றக் கூடாது, நாளைக்கு இவர்கள் மனசு மாறினால் என்ன செய்வீர்கள் என்று கிசுகிசுத்தேன். பாய் ஊரே கேட்கிற குரலில் பதில் சொன்னார்: "நாளைக்கு அவரு வூடுதானே, இன்னிக்கே இருந்துட்டுப் போட்டும். நீ போய் பத்திரத்த ஒழுங்கா எழுதிக்கினு வா சார்!"

மறுநாள் பதிவு முடிந்தது. 'இன்றைய தேதியில் வீட்டின் சுவாதீனத்தை ஒப்படைத்தேன்' என்று அதில் பாய் சொல்வதாக இருக்கும் வரிதான், இத்தனை வருஷத் தொழிலில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய்.